குளிர்கால ஆற்றுப் பயணத்துக்குச் சமையல் கட்டிக்கொண்டு போவது எப்படி?

காரைக்குடியிலிருந்து 10 பேர் டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தரகண்ட் போய், பஞ்சேஷ்வரில், நேபாள எல்லையில் ஓடும் காளி நதியில் ரப்பர் படகு ஏறி, 4 இரவு ஆற்றங்கரை மணலிலேயே கூடாரம் போட்டுத் தங்கி, தனக்பூருக்கு மேலே கரையேறப் போகிறீர்கள். படகும் வழிகாட்டிகளும் அங்குள்ள நிறுவனத்தினுடையவை. சமையல் உங்கள் பொறுப்பு. தைப்பூசப் பாதயாத்திரைக்குப் பல ஆண்டுகளாகச் சமையல் நடத்திய அனுபவம் இருப்பதால், அந்தச் சாமான் பட்டியலையே ஆளுக்குத் தக்கபடி குறைத்து எடுத்துப் போனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதுதான் என் பதில். பட்டியலின் நீளத்தை விட, அந்தச் சமையல் எந்த நேரத்தில் எந்த நிலையில் நடக்கப்போகிறது என்பதைத்தான் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும்.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது சமையல் குழு வண்டியில் முன்னால் போய்விடுகிறது. நடந்து வருகிறவர்கள் வந்து சேரும் நேரத்தில் சோறு வடித்து, குழம்பு இறக்கி, பந்திப் பாய் விரித்திருப்பார்கள். ஆற்றில் அப்படி யாரும் முன்னால் போவதில்லை. அடுப்பும் அரிசியும் உங்களுடன் அதே படகில், அதே நேரத்தில், பெரும்பாலும் நனைந்த நிலையில் கரை சேரும். சமைக்க வேண்டியவர்களும் பகல் முழுவதும் துடுப்புப் போட்டுக் கை விறைத்துப் போனவர்களாகவே இருப்பார்கள். இதோடு பகலும் குறைவு. டிசம்பர் கடைசியில் காரைக்குடியில் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு என்றால், காளி நதிப் பக்கம் பத்தே கால் மணி நேரம்தான். இரு பக்கமும் மலை உயர்ந்த பள்ளத்தாக்கு என்பதால், சூரியன் அடிவானத்தில் மறைவதற்கு வெகு முன்பே கரையில் நிழல் விழுந்து குளிர் இறங்கிவிடும். ஆகவே கரையில் செய்யும் வேலை கொதிக்க வைப்பதும் தாளிப்பதும் மட்டுமாக இருக்க வேண்டும். அரைப்பது, உரிப்பது, வறுப்பது, திரிப்பது எல்லாம் காரைக்குடியிலேயே முடிந்துவிட வேண்டும். இனி நான் சொல்லப்போகிற பாத்திரம், எரிபொருள், பலகாரக் கணக்கு எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வருகிறவைதான்.

முதலில் ஆள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் 10 பேர். ஆனால் படகு ஓட்டுகிறவர்களும் உங்கள் அடுப்பிலிருந்துதான் சாப்பிடுவார்கள். அவர்கள் 4 பேர் வருவதாக வைத்துக்கொண்டு 14 பேருக்கு நான் கணக்குச் சொல்கிறேன். அவர்கள் தனியாகச் சமைத்துக்கொள்வார்களா என்று நிறுவனத்திடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் தர்மசங்கடம்.

எரிபொருள் விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிருந்து சிலிண்டரையோ மண்ணெண்ணெயையோ ரயிலில் ஏற்றவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக் குழு அது; பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அவர்களும் நம்மைப் போல வழியில் சொந்தச் சமையல் வேண்டும் என்று நினைத்துப் புறப்பட்டவர்கள்தான். தீப்பற்றும் பொருளை ரயிலில் எடுத்துச் செல்வது ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். விமானத்தில் கேட்கவே வேண்டாம். பயன்படுத்திய அடுப்பில் வாயு வாடை இருந்தால் அதையே எடுத்து வைத்துவிடுவார்கள். எனவே அடுப்பு, ரப்பர் குழாய், பாத்திரம் இங்கிருந்து போகட்டும். வாயு அங்கே வாங்கப்படட்டும். 5 கிலோ சிலிண்டர் இரண்டை ஏற்பாடு செய்து தரும்படி படகு நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வால்வின் அளவு மாறும் என்பதால், ரெகுலேட்டரை அவர்கள் தரும் சிலிண்டரில் பொருத்தி அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்த பிறகே படகில் ஏற்ற வேண்டும்.

இரண்டு சிலிண்டர் எதற்கு என்று கேட்பீர்கள். 10 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் ஆற்று நீரைக் கொதிக்க வைக்க, ஆற்றங்கரைக் காற்றில், 16 முதல் 20 கிராம் வாயு செலவாகும். 14 பேருக்குக் காலை மாலை டீ, பிளாஸ்கில் நிரப்பும் வெந்நீர், குடிநீர், சோறு, குழம்பு, பாத்திரம் கழுவும் வெந்நீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 45 லிட்டர் கொதிக்க வைப்பதற்குச் சமமான வேலை அடுப்புக்கு இருக்கும். அதுவே 800 கிராம் ஆகிவிடுகிறது. சிறு தீயில் வேகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கிலோ. 4 இரவுக்கும் கடைசிக் காலைக்கும் 5 கிலோ சிலிண்டர் ஒன்று மட்டாகத்தான் வரும், மிச்சம் இருக்காது. வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். அங்கே பக்கத்தில் இருப்பது நேபாளக் காடு.

குளிரில் வாயு அடுப்பு ஏன் சுணங்குகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேன் ஆவியாகும் அளவு மைனஸ் 0.5 டிகிரி. அடுப்பு எரிய எரிய உள்ளே திரவம் ஆவியாகிக்கொண்டே தன் வெப்பத்தை இழப்பதால், வெளியே 6 டிகிரி இருந்தாலும் சிலிண்டரின் உள்ளே அதைவிடக் குறைந்துவிடும். அப்போது சிலிண்டரின் அடிப்பாகத்தில் பனி வெள்ளையாகப் படியும், சுடர் குட்டையாகும். வாயு தீர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சிலிண்டரை மாற்றிவிடாதீர்கள். ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஆற்று நீரை ஊற்றி அதில் சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். நம் கைக்கு விறைப்பாகத் தோன்றும் அந்த 10 டிகிரி நீரே சிலிண்டருக்கு வெதுவெதுப்புதான், சுடர் ஐந்து நிமிடத்தில் எழும்பும். கொதிநீர் ஊற்றுவது, நெருப்பருகே நகர்த்துவது, சாய்த்துப் படுக்க வைப்பது மூன்றும் கூடாது. கடையில் கிடைக்கும் 220 கிராம் பியூட்டேன் குப்பியும் அதற்கான பெட்டி அடுப்பும் கையடக்கமாக இருப்பதால் பலருக்கு ஆசை வரும். அது முழுக்கப் பியூட்டேன் என்பதால் விடியற்காலை டீ போட வேண்டிய நேரத்தில்தான் காலை வாரும்.

காற்றுத் தடுப்புக்குத் தகரத்தை மூன்று மடிப்பாக மடக்கிச் செய்துகொள்ளலாம். அடுப்பை மட்டும் மறைக்க வேண்டும். சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றி அடைத்தால் அது சூடேறும். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பையோ கரிக் கங்கையோ கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்.

விறகைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளிர் காய்வதற்கு நெருப்பு வேண்டும், சமையலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு ஒதுக்கிய கட்டைகள் மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். அதை ஊதிக்கொண்டு உட்கார்ந்தால் 14 பேர் பசியோடு சுற்றி நிற்பார்கள். நெருப்பு மூட்ட வழிகாட்டிகள் அனுமதித்தால், மணலில் குழி தோண்டாமல், கட்டட வேலையில் சாந்து சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்றை மூன்று கல்லின் மேல் வைத்து அதற்குள் எரியுங்கள். காலையில் சாம்பலில் நீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகு வாளியில் அள்ளி மூடி உடன் எடுத்துச் செல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் பல நாள் படகுப் பயணம் போகிறவர்கள் நெருப்புக்கென்று இப்படி ஒரு இரும்புத் தட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. அடுத்து வருகிறவருக்கு மணல் கருக்காமல் கிடைக்கிறது.

பாத்திரங்களுக்கு வருவோம். பாதயாத்திரை அண்டாக்கள், பெரிய ஜல்லிக் கரண்டிகள் எதுவும் வேண்டாம். 12 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று, பருப்புக்கும் வற்றல் மண்டிக் குழம்புக்கும் 5 லிட்டர் குக்கர் ஒன்று, வெந்நீருக்கென்றே ஒதுக்கிய 10 லிட்டர் மூடி போட்ட தேக்சா ஒன்று, தாளிக்கவும் உப்புமா கிளறவும் ஓர் அகல இருப்புச்சட்டி, சப்பாத்தி சூடு காட்ட ஒரு தோசைக்கல், இவ்வளவுதான். ஒன்றரைக் கிலோ பச்சரிசியும் தண்ணீரும் சேர்ந்து 6 லிட்டருக்குள் அடங்கும். அரிசி போல வெந்து பெருகுவதைப் போடும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால்தான் 12 லிட்டர். கேஸ்கட், சேப்டி வால்வு, ரப்பர் குழாய்க்கான கிளிப் ஒவ்வொன்றிலும் உபரி ஒன்று கட்டாயம் வேண்டும். பிடிதுணி அங்கே எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஈரத்துணி சூட்டை அப்படியே கைக்குக் கடத்தும். ஆகவே இடுக்கி இரண்டு. சிகரெட் லைட்டரை நம்ப வேண்டாம், அதற்குள்ளும் பியூட்டேன்தான். மூடி இறுக்கமான சிறு டப்பாவில் தீப்பெட்டிகளைப் போட்டு இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். இரவுச் சமையலுக்குக் கையில் பிடிக்கும் டார்ச் உதவாது. நெற்றியில் கட்டும் விளக்குத்தான் உதவும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் மங்குச் சாமான் வாங்கி எடுத்துப் போனால் நன்றாக இருக்குமே என்று உங்களில் ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்கு அடிப்படை இருக்கிறது. இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டிய அந்தக் கிண்ணங்களும் குவளைகளும் இலேசானவை, கழுவ எளிதானவை; நம் வீடுகளுக்கு ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்த அதே வகைப் பாத்திரத்தைத்தான் மேல்நாட்டில் இன்றும் கூடாரச் சமையலுக்கு எடுத்துப் போகிறார்கள். ஆனால் பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். புளி ஊற்றிய குழம்பை அவற்றில் வைப்பது நல்லதல்ல. தவிர, படகில் ஒரு முட்டு முட்டினால் பூச்சு சில்லாகத் தெறித்துவிடும். ஆச்சி வீட்டு அலமாரியில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். சாப்பிடுவதற்கு ஆளுக்கொரு குழிவான எவர்சில்வர் கிண்ணம், குடிப்பதற்கு இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் குவளை போதும். மந்தாரை இலை எடுத்துப் போகலாம் என்று நானும் ஒரு காலத்தில் சிபாரிசு செய்ததுண்டு, கழுவும் வேலை மிச்சம் என்பதால். ஆனால் அந்தக் குளிரில் தட்டையான இலையில் பரப்பிய சோறு இரண்டாவது கவளத்துக்கே ஆறிவிடுகிறது.

இவ்வளவையும் வாய்ப்பக்கம் இரும்புப் பட்டையால் இறுக்கும் நீல டிரம்களில் அடைக்க வேண்டும். சாமானை வகைவாரியாகப் பிரித்து, ஒரு டிரம்மில் அரிசி எல்லாம், இன்னொன்றில் மசாலா எல்லாம் என்று அடுக்குவது வீட்டுப் பழக்கம். ஆற்றில் அது உதவாது. நாள்வாரியாகக் கட்டுங்கள். முதல் நாள் இரவு என்று எழுதிய துணிப்பையில் அன்றைய அரிசி, பருப்பு, வற்றல், பொடி, தாளிப்பு, அளந்த உப்பு எல்லாம் இருக்க வேண்டும். இருட்டில் விறைத்த கையோடு எதையும் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. கடைசி நாள் பை அடியிலும் முதல் நாள் பை மேலேயும் வர வேண்டும். அடுப்பு, வெந்நீர்த் தேக்சா, டீத்தூள், சர்க்கரை, தீப்பெட்டி ஐந்தும் தனி டிரம். கரை தொட்டதும் முதலில் இறங்குவது அது. கத்தியை உறையில் போட்டு டிரம்முக்குள் வையுங்கள், வெளியே செருகி வைக்காதீர்கள். படகு கவிழ்ந்தாலும் எல்லாம் அப்படியே இருக்கும்படி கட்டுவது வழிகாட்டிகளின் வேலை. அவர்கள் கட்டிய கயிற்றை இடையில் அவிழ்த்து முறுக்குத் தேடாமல் இருப்பது உங்கள் வேலை.

இனி என்ன சமைப்பது என்பது. நம் சமையலில் குளிருக்கு ஒத்துவராதவற்றை முதலில் கழித்துவிடுவோம். இட்லி, தோசை, பணியாரம் கிடையாது. 8 டிகிரியில் மாவு பொங்காது, தயிர் உறையாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால் அதையும் விடுங்கள். நல்லெண்ணெய் அந்தக் குளிரிலும் ஓடும், அதுவே போதும். நெய்யும் இறுகும், ஆனால் நெய் அங்கே அவசியம் வேண்டும். அகன்ற வாய் டப்பாவில் எடுத்துப் போய்க் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியதுதான். கவுனி அரிசி நம் பெருமைதான், ஆனால் இரவெல்லாம் ஊறி வெகுநேரம் வேகும் அரிசிக்குச் செலவிட நம்மிடம் வாயு இல்லை. புழுங்கல் அரிசியை விடப் பச்சரிசி சீக்கிரம் வேகும். துவரம்பருப்பை விடப் பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும். ஆகவே நான்கு நாளைக்குச் சாம்பாரை மறந்துவிட்டுப் பாசிப்பருப்பு மசியலோடு சமாதானமாகுங்கள்.

அதே சமயம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பலவும் இந்தப் பயணத்துக்கென்றே செய்ததுபோல இருக்கின்றன. வற்றல் மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி வற்றல், மாவற்றல், அவரை வற்றல் எல்லாம் எடையே இல்லாதவை. மதியம் படகை ஒதுக்கும்போதே ஒரு மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டால், மாலை கரையேறும்போது ஊறியிருக்கும். அரிசி களைந்த கழுநீரைக் கொட்டாமல் அதிலேயே புளியைக் கரைத்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய் தாளித்து, வீட்டிலேயே உரித்து வதக்கி எண்ணெயோடு புட்டியில் அடைத்துக் கொண்டுபோன சின்ன வெங்காயம் பூண்டுத் தொக்கை இரண்டு கரண்டி போட்டு, வற்றலைச் சேர்த்துக் கழுநீர்ப் புளியை ஊற்றி 5 லிட்டர் குக்கரில் இரண்டு விசில் விட்டால் முடிந்தது. கழுநீரின் மாவுத்தன்மையே குழம்பைக் கெட்டியாக்கும். ஆற்றங்கரையில் கொட்ட வேண்டிய ஒரு வாளி நீரும் மிச்சம். இப்படி ஒரு பாத்திரத்தில் முடிகிற குழம்பு அந்தச் சூழலுக்கு வேறில்லை. வடக்கே சின்ன வெங்காயம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அந்தக் குளிரில் யாரும் உரிக்க மாட்டார்கள் என்பதால் தொக்கை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உப்புக்கண்டம் போதும். பச்சைக் கறியைப் பனிக்கட்டிப் பெட்டியில் தூக்கித் திரிவதற்கு அது எவ்வளவோ மேல். வெந்நீரில் ஊறவைத்து, தட்டி, எண்ணெயில் பொரித்தால் மசியலுக்கு அதைவிடத் துணை வேண்டாம். ஆற்று மீனைப் பிடித்துக் குழம்பு வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். காளி நதியின் பொன்னிற மஹசீர் அழியும் நிலையில் உள்ள மீன், உத்தரகண்டின் மாநில மீன். தூண்டிலில் சிக்கினாலும் திரும்ப விட்டுவிடுவதுதான் அங்கே முறை. கறிக்குழம்பு வாடை காட்டுக்குள் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறுத்தையும் புலியும் உள்ள பக்கம் அது. எலும்பு, எச்சில், எண்ணெய்த் தாள் எல்லாவற்றையும் மூடிய டிரம்முக்குள் போட்டுக் கூடாரங்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

காலை உணவுக்கு முதலிடம் கும்மாயத்துக்கு. ஆடி மாதத்துப் பலகாரம் மார்கழியில் எதற்கு என்று சிரிக்காதீர்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்துத் திரித்த மாவு வீட்டிலிருந்தே வருகிறது. கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வடிகட்டிப் புட்டியில் அடைத்துக்கொண்டால் அங்கே செய்ய வேண்டியது, நெய்யில் மாவை ஒரு பிரட்டுப் பிரட்டி, வெந்நீரும் பாகும் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுவதுதான். பதினைந்து நிமிட வேலை. குளிரில் நாள் முழுக்கத் துடுப்புப் போடுகிறவருக்கு 3,000 கலோரிக்கு மேல் தேவைப்படும். நெய் 100 கிராமில் 900 கலோரி இருக்கிறது. ஒரு கிண்ணம் கும்மாயம் சாப்பிட்டவர் மதியம் வரை பசி என்று சொல்ல மாட்டார். மற்ற காலைகளில் ரவை உப்புமா, வெண்பொங்கல். ரவையையும் இங்கேயே வறுத்துவிடுங்கள்.

மதியம் அடுப்பே கிடையாது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். குளிரில் சோறு விறைத்து, மென்று விழுங்கக் கஷ்டமாகிவிடும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். காலையில் சூடு காட்டிய சப்பாத்தியில் தொக்கைத் தடவிச் சுருட்டியது, அவித்த முட்டை, பிளாஸ்கில் மிளகு ரசம், கைக்கு மாவுருண்டை இரண்டு. சீப்புச் சீடையும் தேன்குழலும் படகில் ஆட்டம் கண்டு பொடியாகிவிடும், ஆனால் பொடியைக் கூட விடாமல் தின்பார்கள்.

மாலை கரையேறியதும் என்ன வரிசையில் வேலை நடக்க வேண்டும் என்பதை முன்பே பேசி வையுங்கள். அடுப்பு டிரம் இறங்கியதும் ஒருவர் தார்ப்பாயை விரித்து, மணல் பறக்காத இடத்தில் அடுப்பை வைக்கிறார். முதலில் ஏறுவது வெந்நீர்த் தேக்சா; மற்றவர்கள் ஈரத் துணி மாற்றி வரும்போது சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி கையில் இருக்க வேண்டும். நடுங்குகிறவருக்கு வேண்டியது சூடும் சர்க்கரையும்தான். உடம்பைச் சூடாக்கும் என்று மதுப்புட்டியைத் திறப்பவர் உண்மையில் உடற்சூட்டை இழப்பார். காப்பி இறங்கிய பிறகு பெரிய குக்கர் ஏறும். விசில் வந்து இறக்கியதும் அதைக் கம்பளியால் சுற்றி ஓரமாக வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே சோறு பதமாகிவிடும், அடுப்பு மண்டிக்குக் காலியாகும். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது தேக்சா மறுபடியும் ஏற வேண்டும், பாத்திரம் கழுவ.

தண்ணீர் விஷயத்தில் ஊருணி நீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மலை ஆறுகள் பொதுவாகத் தெளிவாகவே ஓடும். கலங்கலாக இருந்தால் வாளியின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்து நீரை ஊற்றி வையுங்கள், அல்லது படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுழற்றுங்கள். காலையில் வண்டல் அடியில் தங்கியிருக்கும். தெளிந்ததெல்லாம் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிருமி சாக, நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

கழுவுவதற்கு மூன்று வாளி. சோப்புப் போட்ட வெந்நீர் ஒன்று, அலசச் சுத்தமான நீர் ஒன்று, மூன்றாவதில் 10 லிட்டருக்கு 2 தேக்கரண்டி வீட்டு பிளீச் கலந்த நீர். அதில் ஒரு நிமிடம் மூழ்க வைத்து எடுத்துக் காற்றில் உலர விட வேண்டும். வாளியில் போடுவதற்கு முன் அவரவர் கிண்ணத்தை அவரவர் வழித்துத் துடைத்துத் தர வேண்டும். கழுவிய நீரை வடிகட்டி, ஆற்று ஓரத்திலிருந்து 60 மீட்டராவது தள்ளி மணலில் பரவலாக ஊற்றுங்கள். சோப்பு எந்த வகையாக இருந்தாலும் ஆற்றில் நேராகக் கொட்டக் கூடாது. இவற்றையெல்லாம் விட முக்கியம், அடுப்பருகே குழாய் வைத்த ஒரு சிறு வாளியும் சோப்பும். ஆற்றுப் பயணங்களில் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் கழுவாத கையிலிருந்துதான் வருகிறது, நாம் சந்தேகப்படுகிற தண்ணீரிலிருந்து அல்ல.

அது எல்லை ஆறு என்பதால் வலது கரைதான் இந்தியா. கூடாரம் எங்கே என்பதை வழிகாட்டிகள் முடிவு செய்வார்கள். அவரவர் ஆதார் அட்டையை நனையாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக் காவலர்கள் கேட்கலாம். உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், இஞ்சி, முட்டை, சப்பாத்தி மாவு ஆகியவற்றைப் போகும் வழியில் தனக்பூரிலேயே வாங்கிவிடலாம். பஞ்சேஷ்வர் வந்த பிறகு கடையை நம்பிப் புறப்படக் கூடாது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு நாள் இரவு வீட்டுக் கொல்லைப்புறத்தில் விளக்கை அணைத்துவிட்டு, நெற்றி விளக்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு, முதல் நாள் பையைப் பிரித்து 14 பேருக்குச் சமைத்துப் பாருங்கள். எந்தப் பொருளுக்காக யாராவது எழுந்து வீட்டுக்குள் போகிறார்களோ, அது பட்டியலில் விடுபட்ட பொருள். சமையல் முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்த வேளையின் பதார்த்தத்தில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.